மீன்கடைப் பூனைகளும் தீராத வைரஸும்

ஐ.என்.ஏ. மார்க்கெட்டுக்குப் போகாத தில்லித் தமிழர் இருக்க முடியாது. முருங்கைக்காய், சின்ன வெங்காயம், வாழைப்பூ, நேந்திரங்காய், கொத்துக் கொத்தாகக் கறிவேப்பிலை என்று எதைத் தேடினாலும் கடைசியில் அங்கேதான் போய் நிற்போம். எதிரே 1994-இல் தில்லி ஹாட் வந்தது. 2010-இல் மெட்ரோ ரயில் வந்தது. மார்க்கெட்டில் மட்டும் அதே நெரிசல், அதே ஈரத் தரை. ஒரு பக்கம் மளிகைக் கடைகள், கொஞ்சம் தள்ளிப் போனால் மீனும் கோழியும். நம்மவர்களில் சைவ உணவுக்காரர்கள் புடவைத் தலைப்பால் மூக்கைப் பொத்திக்கொண்டு அந்தப் பக்கத்தை ஒரே ஓட்டமாகக் கடப்பது வழக்கம். இருபது வருஷம் நானும் அப்படிக் கடந்தவள்தான். இப்போது வாரம் ஒரு முறை மீன்காரர் முன்னால் நின்று, "பில்லி கே லியே" என்று பேரம் பேசுகிறேன். எங்கள் வீட்டில் உள்ள இரண்டு பூனைகள்தான் காரணம். இரண்டுக்கும் உடம்பை விட்டுப் போகாத வைரஸ். இரண்டும் நன்றாக இருக்கின்றன.

எப்படி நன்றாக இருக்கின்றன என்று சங்க விழாக்களில் பார்க்கிறவர்கள் கேட்கிறார்கள். பூனை வளர்க்கும் தமிழ்க் குடும்பங்கள் இந்த ஊரில் இப்போது நிறைய. பிள்ளைகள் எங்கிருந்தாவது ஒரு குட்டியைத் தூக்கி வந்துவிடுகிறார்கள். ஆறு மாதத்தில் அது தும்ம ஆரம்பிக்கிறது, அல்லது இளைத்துப் போகிறது. உடனே எதிர்ப்புச் சக்திக்கு என்ன மருந்து கொடுக்கலாம் என்ற கேள்வி வருகிறது. நான் டாக்டர் அல்ல. மத்திய அரசு அலுவலகம் ஒன்றில் கணக்குப் பிரிவில் வேலை பார்த்து ஓய்வு பெற்றவள். பூனைகளைப் பார்த்துக்கொள்வதற்கு அந்தக் கணக்குப் புத்திதான் அதிகம் உதவியது. அதை உரிய இடத்தில் சொல்கிறேன்.

மீன் சந்தில் பூனைகளுக்குப் பஞ்சமில்லை. செதிலும் குடலும் கொட்டுகிற இடத்தில் பூனை கூடாமல் என்ன செய்யும்? கூடுகிற இடத்தில் சண்டையும் உண்டு. கருத்தடை செய்யப்படாத கடுவன் பூனைகள் எல்லைக்காகவும் பெட்டைக்காகவும் இரவெல்லாம் கட்டிப் புரளும். அப்படி ஒரு கடுவன் ஒரு ஜனவரிக் குளிரில் மசாலாக் கடைப் படியில், முகம் ஒரு பக்கம் வீங்கி, கண்ணை மூடிக்கொண்டு உட்கார்ந்திருந்தது. "சேச்சி, இது மூணு நாளா ஒண்ணும் தின்னலை" என்றார் கடைக்கார மலையாளி. ஆப்பிள் பெட்டி ஒன்றையும் அவரே எடுத்துக் கொடுத்தார். கடிபட்ட இடத்தில் சீழ் கட்டியிருந்தது. கிழிந்த காது, மூக்கில் தழும்பு, எதற்கும் தலை வணங்காத மீசை. என் கணவர் பார்த்த மாத்திரத்தில் கட்டபொம்மன் என்று பெயர் வைத்துவிட்டார்.

பக்கத்து கிளினிக் ஒன்றில் சீழை எடுத்து ஊசி போட்டார்கள். இரண்டு சொட்டு ரத்தத்தில் ஒரு சோதனையும் செய்தார்கள். பத்து நிமிஷத்தில் முடிவு தெரிந்தது: எஃப்.ஐ.வி. பாசிட்டிவ். "பூனைக்கு வருகிற எய்ட்ஸ் இது. குணமாகாது. சுலா தேம்?" என்று கேட்டார் அங்கிருந்த டாக்டர். ஊசி போட்டு ஒரேயடியாகத் தூங்க வைத்துவிடலாமா என்று அர்த்தம்.

நாங்கள் பூனையை வீட்டுக்கு எடுத்து வந்துவிட்டோம். ஆனால் எய்ட்ஸ் என்ற சொல் எங்களுக்கு முன்பே மாடிப்படி ஏறியிருந்தது. வீட்டு வேலைக்கு வரும் பெண் வாசலிலேயே நின்றாள். மேல் வீட்டுக்காரர், "குழந்தைகள் விளையாடுகிற இடம், எடுத்த இடத்திலேயே கொண்டுபோய் விட்டுவிடுங்களேன்" என்றார். அவரைக் குறை சொல்ல மாட்டேன். அந்தச் சொல்லைக் கேட்டால் யாருக்கும் பயம் வரத்தான் செய்யும்.

வேப்பேரி கால்நடை மருத்துவக் கல்லூரியில் படித்த ஒரு டாக்டரம்மா தில்லியில் இருக்கிறார். (1903-இல் தொடங்கிய கல்லூரி அது, நம் ஊரில் மாட்டு டாக்டர் என்றாலே வேப்பேரிதான்.) அவர் ஒரு மணி நேரம் உட்கார வைத்து விளக்கினார். அன்று கேட்டதையும், பிறகு படித்துத் தெரிந்துகொண்டதையும் சேர்த்துச் சொல்கிறேன்.

பகையால் ஒன்று, உறவால் ஒன்று

எஃப்.ஐ.வி. என்பது மனிதருக்கு எய்ட்ஸ் நோயைத் தரும் எச்.ஐ.வி.யின் தூரத்து உறவு. 1986-இல் அமெரிக்காவில் கலிஃபோர்னியா மாநிலத்தின் பெட்டலூமா என்ற ஊரில், ஆதரவற்ற பூனைகளை வைத்துப் பராமரித்த ஒரு வீட்டில் சில பூனைகள் ஒன்றன்பின் ஒன்றாக நலிந்தன. டேவிஸ் நகரிலுள்ள கலிஃபோர்னியா பல்கலைக்கழகத்தைச் சேர்ந்த நீல்ஸ் பெடர்சனும் ஜேனட் யமமோட்டோவும் அவற்றிடமிருந்து இந்த வைரஸைப் பிரித்தெடுத்தார்கள். 1987-இல் விவரம் வெளியாயிற்று. உறவு இருந்தாலும் இது பூனையைத் தாண்டி வருவதில்லை. மனிதருக்கு வராது, நாய்க்கு வராது. மடியில் வைத்துக் கொஞ்சினாலும் வராது, நகத்தால் பிறாண்டினாலும் வராது. இதை எங்கள் கட்டடத்தில் வீடு வீடாகப் போய்ச் சொல்ல வேண்டியிருந்தது. என் கணவர் ஹிந்தியில் எழுதி அறிவிப்புப் பலகையில் ஒட்டியும் வைத்தார்.

ஒரு பூனையிடமிருந்து இன்னொன்றுக்குப் பரவுவது பெரும்பாலும் ஆழமான கடியால். எச்சிலில் உள்ள வைரஸ் பல் வழியாக உடம்புக்குள் இறங்க வேண்டும். அதனால்தான் மீன் சந்துக் கடுவன்களுக்கு இது அதிகம் வருகிறது. ஒரே தட்டில் சாப்பிடுவதால் பரவுவது அபூர்வம். வெளிக்காற்றில் இந்த வைரஸ் அதிக நேரம் தாங்காது. சோப்புத் தண்ணீரே போதும்.

தொற்றிய சில வாரங்களில் லேசாகக் காய்ச்சல் வரும், நெறி கட்டும். பிறகு வருஷக்கணக்கில் ஒன்றுமே தெரியாது. எதிர்ப்புச் சக்தி மெல்லக் குறைந்தபின் ஈறு வீக்கம், ஆறாத புண், திரும்பத் திரும்ப வரும் சளி, இளைப்பு என்று ஒவ்வொன்றாகத் தலைகாட்டும். அந்தக் கட்டத்துக்கே போகாமல் வயதாகி வேறு காரணத்தால் போய்ச் சேருகிற பூனைகளும் ஏராளம். அமெரிக்கப் பூனை மருத்துவர்கள் சங்கம் 2020-இல் வெளியிட்ட வழிகாட்டி, சோதனையில் பாசிட்டிவ் என்ற ஒரே காரணத்துக்காக எந்தப் பூனையையும் கருணைக் கொலை செய்யக் கூடாது என்று தெளிவாகச் சொல்கிறது. இன்னொன்றும் உண்டு. இந்தச் சோதனை வைரஸைத் தேடுவதில்லை, அதற்கு எதிராக உடம்பு உண்டாக்கிய பொருளைத் தேடுகிறது. தாயிடமிருந்து அந்தப் பொருள் குட்டிக்கு வந்திருக்கலாம். ஆறு மாதத்துக்குக் கீழ்ப்பட்ட குட்டி பாசிட்டிவ் என்றால் பிறகு மறுபடி பார்த்துத்தான் முடிவு சொல்ல வேண்டும்.

எஃப்.ஐ.வி. பகையால் பரவுகிறதென்றால், ரத்தப் புற்றுநோய் வைரஸ் என்கிற எஃப்.இ.எல்.வி. உறவால் பரவுகிறது. ஒன்றையொன்று நக்கிவிடுவது, ஒரே கிண்ணத்தில் குடிப்பது, தாய் குட்டிக்குப் பால் கொடுப்பது ஆகியவைதான் அதன் வழி. 1964-இல் ஸ்காட்லாந்தின் கிளாஸ்கோ நகரில் வில்லியம் ஜாரட் கண்டுபிடித்தார். இரண்டில் இதுதான் கொடியது. ஆகவே புதிதாக ஒரு பூனையை வீட்டுக்குள் விடுமுன் இரண்டுக்கும் சோதித்துவிடுவது நல்லது. முடிவு தெரியும்வரை தனி அறை, தனிக் கிண்ணம். கட்டபொம்மனுக்கு இது இல்லை என்றதும் எங்களுக்கு மூச்சு வந்தது.

எஃப்.ஐ.பி. என்ற மூன்றாவதையும் பலர் இவற்றோடு போட்டுக் குழப்பிக்கொள்கிறார்கள். அது ஒரு வகைக் கொரோனா வைரஸ் பூனையின் உடம்புக்குள் மாறிப்போவதால் வருவது. முன்பெல்லாம் வந்தால் மரணம்தான். 2019-இல் அதே பெடர்சன், ஜிஎஸ்-441524 என்ற மருந்தைக் கொடுத்து 31 பூனைகளில் பெரும்பாலானவற்றைப் பிழைக்க வைத்தார். 2021 கோடையில் இதே தில்லியில் நாம் ரெம்டெசிவிர் ஊசிக்காக இரவெல்லாம் வரிசையில் நின்றோமே, அந்த மருந்து உடம்புக்குள் போய் மாறுகிற பொருளும் இதுதான். எனவே அந்தப் பெயரைக் கேட்டதும் கைகழுவிவிடாமல், மருந்து கிடைக்குமா என்று டாக்டரைக் கேளுங்கள்.

"கொண்டுபோய் விட்டுவிடுங்கள்" என்று சொன்னவருக்கு என் கணவர் சட்டத்தைக் காட்டினார். 1960-ஆம் வருஷத்து மிருகவதைத் தடுப்புச் சட்டத்தின்படி, பசியாலோ தாகத்தாலோ துன்பப்படும் நிலையில் ஒரு பிராணியைக் கைவிடுவது குற்றம். இந்தச் சட்டத்துக்கு வித்திட்டவர் கலாக்ஷேத்ராவின் ருக்மிணி தேவி அருண்டேல் என்பது நம்மில் பலருக்குத் தெரியாது. 1952-இல் மாநிலங்களவைக்கு நியமிக்கப்பட்ட அவர் தனிநபர் மசோதாவாக இதைக் கொண்டுவந்தார். அரசே சட்டம் இயற்றும் என்று நேரு உறுதி கொடுத்த பிறகுதான் திரும்பப் பெற்றார். 1962-இல் அமைந்த பிராணிகள் நல வாரியத்துக்கு முதல் தலைவரும் அவரே. மேல் வீட்டுக்காரர் இதையெல்லாம் பொறுமையாகக் கேட்டுக்கொண்டு, "உங்களவர்கள் பூனைக்கும் ஒரு தலைவரைக் காட்டிவிடுவீர்கள்" என்று சிரித்தார். இப்போது நாங்கள் ஊரில் இல்லாதபோது கட்டபொம்மனுக்குச் சாப்பாடு வைப்பது அவருடைய மகன்தான்.

எதிர்ப்புச் சக்தி எங்கே விற்கிறது?

விஷயம் தெரிந்ததும் நண்பர்கள் ஆளுக்கொரு புட்டியோடு வந்தார்கள். லேகியம், நெல்லிக்காய்ச் சாறு, துளசி, சீந்தில், ஏதோ ஒரு வெளிநாட்டுப் பொடி. எல்லாம் எதிர்ப்புச் சக்தியைக் கூட்டுமாம். டாக்டரம்மா எல்லாவற்றையும் ஒதுக்கி வைத்தார். "இந்த வைரஸ் குடியிருப்பதே எதிர்ப்பு அணுக்களுக்குள்தான். குருட்டாம்போக்கில் அந்த அணுக்களைத் தூண்டிவிட்டால் வைரஸும் சேர்ந்து பெருகலாம்" என்றார். எஃப்.ஐ.வி. உள்ள பூனைக்கு இப்படிப்பட்ட டானிக்குகளால் நன்மை என்று நிரூபணம் இல்லை. பூனையின் ஈரல் வேறு நம்முடையதுபோல வேலை செய்வதில்லை. நமக்கு நல்லதாக இருப்பது அதற்கு விஷமாகலாம்.

அப்படியானால் என்னதான் செய்வது என்று கேட்டேன். அவர் சொன்னதில் மருந்துக் கடையில் வாங்க வேண்டியது மிகக் குறைவு. கருத்தடை செய்ய வேண்டும். சண்டைக் குணம் பாதி அதிலேயே அடங்கும். வெளியே விடக் கூடாது. இது அதன் நன்மைக்கும், வெளியே உள்ள மற்றப் பூனைகளின் நன்மைக்கும். குடற்புழுவுக்கும் உண்ணிக்கும் காலாகாலத்தில் மருந்து, வெறிநாய்க்கடித் தடுப்பூசி, ஆறு மாதத்துக்கு ஒரு முறை முழுப் பரிசோதனை. பல்லையும் ஈறையும் கவனிக்க வேண்டும். வாயில் எச்சில் வடிந்தாலோ, உணவைக் கவ்விக் கீழே போட்டாலோ வாயில் வலி என்று அர்த்தம். கட்டபொம்மனுக்குக் கடைவாய்ப் பற்களை எடுத்துவிட்டோம். பல் போன பிறகுதான் அவன் ஒழுங்காகச் சாப்பிட ஆரம்பித்தான்!

இதற்கெல்லாம் மேலே அவர் சொன்னது, சின்ன உபாதையைக்கூட நாள் கடத்தாதீர்கள் என்பது. மற்றப் பூனை ஒரு வாரம் தும்மித் தானாகத் தேறிவிடும். இந்தப் பூனைக்கு அந்த ஒரு வாரம் இல்லை. ஆனால் பூனை வலியை மறைக்கும் ஜாதி. நோய் நம் கண்ணுக்குத் தெரியும்போது பாதி முற்றியிருக்கும். முன்கூட்டியே எப்படிக் கண்டுபிடிப்பது?

இங்கேதான் என் பழைய தொழில் வந்து சேர்ந்தது. ஞாயிறுதோறும் எடை போட்டு நோட்டில் எழுதுகிறேன். தராசு எதுவென்றால், சென்னைக்கு விமானத்தில் போகும்போது பெட்டியைத் தொங்கவிட்டு எடை பார்ப்போமே, அந்த மின்னணுக் கொக்கித் தராசு. பூனையைக் கூடையில் வைத்து மூடித் தூக்கிப் பிடித்து, பிறகு கூடையின் எடையைக் கழித்துவிடுவேன். நாலு கிலோப் பூனை இருநூறு கிராம் குறைந்தால் கண்ணால் பார்த்துத் தெரியாது. ஆனால் அது அறுபது கிலோ ஆள் மூன்று கிலோ இளைத்ததற்குச் சமம். தூங்கும்போது நிமிஷத்துக்கு எத்தனை மூச்சு என்றும் எண்ணி எழுதுவேன். முப்பதுக்குள் இருக்க வேண்டும். எவ்வளவு சாப்பிட்டது, எத்தனை முறை மண்பெட்டிக்குப் போனது, எல்லாம் உண்டு. இந்த நோட்டைப் பார்த்துவிட்டு டாக்டரம்மா, "ஆடிட்டுக்கே அனுப்பலாம்" என்றார்.

சைவ வீட்டில் மீன்

எங்கள் வீடு திருநெல்வேலிச் சைவ வீடு. முட்டைகூட உள்ளே வந்ததில்லை. பூனை என்றால் தயிர் சாதம் தின்னும் என்றுதான் எல்லோரும் நினைத்தோம். ஊரில் தின்னத்தான் செய்தது. ஆனால் ஊர்ப் பூனை தயிர் சாதத்துக்கு மேல் எலி, ஓணான், வெட்டுக்கிளி என்று தன் பங்குக்கு வேட்டையாடிச் சரிக்கட்டிக்கொண்டது. கதவடைத்த தில்லி வீட்டில் அந்த வழி இல்லை. பூனைக்கு டாரின் என்ற சத்து மாமிசத்திலிருந்துதான் கிடைக்கும். போதிய அளவு தானே உண்டாக்கிக்கொள்ள அதன் உடம்புக்குத் தெரியாது. அது குறைந்தால் கண் பார்வை போகும், இதயம் பலூன்போல விரிந்து பலவீனமாகும். இதய நோய்க்கும் இந்தச் சத்துக்கும் உள்ள தொடர்பு 1987-இல்தான் தெரிய வந்தது. தீராத வைரஸ் உள்ள பூனைக்குத் தயிர் சாதம் மட்டும் போட்டு வளர்ப்பது அதைப் பட்டினி போடுவதற்குச் சமம்.

வீட்டில் இதைப் பற்றி ஒரு வாரம் பேச்சு நடந்தது. அத்தையிடம் எப்படிச் சொல்வது என்று நான் தயங்கிக்கொண்டிருந்தேன். எண்பது வயது, நாள் தவறாமல் தேவாரம் படிக்கிறவர். ஒருநாள் அவரே கூப்பிட்டு, "ஏம்மா, அது வாயில்லா ஜீவன். சைவமும் அசைவமும் நமக்குத்தானே, அதுக்கு என்ன வந்தது? பின் பால்கனியில ஒரு அடுப்பை வச்சுக்கோ. சட்டி மட்டும் தனியா இருக்கட்டும்" என்றார். அதோடு முடிந்தது. இப்போது பின் பால்கனியில் ஒரு மின்சார அடுப்பு, ஓர் அலுமினியச் சட்டி, ஒரு கரண்டி.

மீன் வாங்கிப் போட்டால் போதும் என்றும் இல்லை. இதில் நுணுக்கம் உண்டு. தினசரிச் சாப்பாட்டில் பெரும்பகுதி பூனைகளுக்கென்று சரிவிகிதமாகத் தயாரித்து விற்கும் உணவாகவே இருக்கட்டும். டாரின், சுண்ணாம்பு, வைட்டமின் எல்லாம் அளவாக அதில்தான் இருக்கும். மீனும் கோழியும் பசியைத் தூண்ட, மேற்படியாக. பச்சை மீன் கூடாது. சில மீன்களில் வைட்டமின் பி1-ஐ அழிக்கும் பொருள் இருக்கிறது. வேக வைத்தால் அது போய்விடும். எதிர்ப்புச் சக்தி குறைந்த பூனைக்குப் பச்சைக் கறியில் உள்ள கிருமிகளும் ஆபத்து. மத்தி மாதிரி எண்ணெய் மீனையே தினமும் கொடுத்தால் உடம்பிலுள்ள கொழுப்பு அழன்று வலியெடுக்கும் நோய் வரும். ஈரலை அதிகம் கொடுத்தால் வைட்டமின் ஏ கூடி எலும்பைப் பாதிக்கும். முள் எடுக்க வேண்டும். வெந்த முள் குத்தும். உப்பு, மஞ்சள், மசாலா எதுவும் வேண்டாம். வெங்காயமும் பூண்டும் கூடவே கூடாது, அவை பூனையின் ரத்தச் சிவப்பணுக்களை உடைத்துவிடும். வேக வைத்த தண்ணீரைக் கொட்டாதீர்கள். டாரின் அந்தத் தண்ணீரில் இறங்கியிருக்கும், அதையும் ஊற்றிக் கொடுங்கள். தில்லி வெயிலில் தண்ணீர் குடிக்காமல் ஏமாற்றும் பூனைக்கு அது இன்னொரு வகையிலும் நல்லது.

மீன்காரர் இப்போது எனக்காக ரோகுவின் வால் பக்கத்துத் துண்டைத் தனியாக எடுத்து வைக்கிறார். முதல் மாதம் முகத்தைத் திருப்பிக்கொண்டுதான் காசு கொடுத்தேன். பிறகு செவுளைப் பார்த்துப் புதியதா பழையதா என்று சொல்லும் அளவுக்குத் தேறிவிட்டேன். என் அண்ணன் கேட்டால் நம்ப மாட்டார்.

இரண்டாவது பூனை வந்ததும் அந்த மீன்காரர் வழியாகத்தான். ஐஸ் பெட்டிக்குப் பின்னால் ஒரு குட்டி, பீளையால் இரண்டு கண்ணும் ஒட்டிக்கொண்டு கத்திக்கொண்டிருந்தது. மீன்கடையில் பிறந்த பெட்டை, கண்ணிலோ கோளாறு. மீனாட்சி என்றுதானே பெயர் வைக்க முடியும்? அதற்கு எஃப்.ஐ.வி. இல்லை, இருப்பது ஹெர்பிஸ் வைரஸ். பூனைகளுக்கு மிகச் சாதாரணமாக வரும் சளி நோய் இது. சளி போய்விடும், வைரஸ் போகாது. முகத்து நரம்பு முடிச்சில் ஒளிந்துகொள்ளும். பூனைக்கு மனக்கலக்கம் வரும்போது மறுபடி தலைதூக்கும். இதுவும் மனிதருக்கு ஒட்டாது. கட்டபொம்மனுக்கு இது பரவக் கூடாது என்பதால் அவனுக்கு முதலில் தடுப்பூசி போட்டோம். மீனாட்சியைச் சில வாரம் தனி அறையில் வைத்திருந்தோம். அவனோ அவளைக் கண்டதும் சண்டைக்காரன் என்ற பெயரையே கெடுத்துக்கொண்டான்.

மீனாட்சியின் கண் ஏன் திடீர் திடீரென்று வடிகிறது என்பது நோட்டைப் புரட்டியபோது விளங்கிற்று. தீபாவளி வெடிச் சத்தம் முடிந்து ஏழெட்டு நாளில் ஒரு முறை. வெள்ளையடித்த வாரத்துக்கு அடுத்த வாரம் ஒரு முறை. ஊரிலிருந்து ஆறு பேர் வந்து தங்கிப் போனபின் ஒரு முறை. கலக்கத்துக்கும் கண்ணீருக்கும் நடுவே எப்போதும் ஒரு வாரம். டாக்டரம்மா ஆச்சரியப்படவில்லை, இந்த வைரஸின் வழக்கமே அதுதான் என்றார்.

இதற்கு லைசின் என்ற பொடியைப் பல வருஷம் உலகம் முழுவதும் கொடுத்து வந்தார்கள். இன்றும் விற்கிறது. 2015-இல் அதுவரை நடந்த ஆய்வுகளையெல்லாம் சேர்த்துப் பார்த்தபோது, பயன் இல்லை, கொடுப்பதை நிறுத்தலாம் என்றே முடிவாயிற்று. காசு மிச்சம். கண் நிலைமை மோசமானால் வைரஸை அடக்கும் மாத்திரை உண்டு. ஆனால் மனிதருக்கு அக்கி, அம்மைக்குக் கொடுக்கிற எல்லா மாத்திரையும் பூனைக்கு ஆகாது. அசைக்ளோவிர் மாத்திரை விஷம். டாக்டர் எடை பார்த்து எழுதித் தருவதை மட்டும் கொடுக்க வேண்டும்.

மற்றபடி மீனாட்சிக்கு மருந்து அமைதிதான். இரண்டு பூனைக்கு மூன்று மண்பெட்டி, தனித்தனிக் கிண்ணம், அலமாரி உச்சியில் ஒரு பழைய போர்வை, விருந்தினர் வந்தால் ஒளிந்துகொள்ள ஓர் அட்டைப் பெட்டி, நேரம் தவறாத சாப்பாடு. தீபாவளிக்கு ஜன்னலை அடைத்து உள்ளறையில் ரேடியோவை வைத்துவிடுகிறோம். மூக்கடைத்தால் பூனை சாப்பிடாது, ஏனென்றால் அது மணத்தை வைத்துத்தான் உணவை அறிகிறது. அப்போது குளியலறையில் வெந்நீரைத் திறந்துவிட்டு, ஆவியில் பத்து நிமிஷம் மடியில் வைத்துக்கொண்டு உட்காருவேன். உணவைக் கை பொறுக்கும் சூட்டில் வைத்தால் மணம் தூக்கலாக இருக்கும். முழுதாக ஒரு நாள் சாப்பிடாவிட்டால் டாக்டரிடம் போய்விட வேண்டும். நமக்கு ஏகாதசி விரதம் நல்லது. பூனை இரண்டு மூன்று நாள் பட்டினி கிடந்தால் கொழுப்பு ஈரலில் போய் அடைத்துக்கொள்ளும்.

நம் வீடுகளில் உள்ள சில பொருள்களைப் பற்றி எச்சரிக்காமல் விட முடியாது. காய்ச்சல் என்றால் நாம் எடுக்கும் க்ரோசின், அதாவது பாராசிட்டமால், பூனைக்கு எமன். ஒரு மாத்திரையே உயிரைப் பறிக்கலாம். சளிக்கு விக்ஸ், கற்பூரம், நீலகிரித் தைலம் எதையும் தடவாதீர்கள். தரை துடைக்கும் கறுப்பு ஃபினாயில் பாதத்தில் ஒட்டும், பூனை பாதத்தை நக்கும், விஷம் உள்ளே போகும். நாங்கள் சோப்புத் தண்ணீருக்கு மாறிவிட்டோம். லில்லிப் பூங்கொத்து யாராவது கொடுத்தால் வாசலோடு திருப்பி அனுப்புங்கள். அதன் மகரந்தம் கொஞ்சம் உள்ளே போனாலும் பூனைக்குச் சிறுநீரகம் செயலிழந்துவிடும்.

ஊருக்குப் போகும்போது

மே மாதம் வந்தால் நம் எல்லோருக்கும் ஊர்ப் பயணம். பூனையை என்ன செய்வது? ரயிலில் இரண்டு இரவு கூட்டிப்போவது மீனாட்சி போன்ற பூனைக்குக் கொடுமை. போய்ச் சேர்ந்த வாரம் கண் வடியும். பூனை விடுதிகளில் பத்துப் பூனைக்கு நடுவே கட்டபொம்மனை விடுவதும் சரியில்லை. அவனுக்கு மற்றப் பூனைகளின் சளியே ஆபத்து. பூனைக்கு ஆள் மாறினால் பொறுத்துக்கொள்ளும், இடம் மாறினால் தாங்காது. ஆகவே அவை வீட்டிலேயே இருக்கின்றன. நான் முன்பு சொன்ன மேல் வீட்டுப் பையன் காலையும் மாலையும் வந்து போகிறான். புறப்படுவதற்கு முன் இரண்டு வாரம் எங்களோடு சேர்ந்து அவனே சாப்பாடு வைத்துப் பழக்கிக்கொள்கிறான். மீன் மட்டும் கிடையாது. வேக வைத்த கோழியைப் பொட்டலம் பொட்டலமாகக் குளிர்பெட்டியின் உறையறையில் வைத்துவிட்டுப் போகிறோம். (அதற்கென்று பழைய சின்னக் குளிர்பெட்டி ஒன்றும் பால்கனிக்கு வந்துவிட்டது. அத்தை எதுவும் சொல்லவில்லை.)

டாக்டரம்மாவின் போன் நம்பர், கொஞ்சம் பணம், எடை நோட்டு மூன்றும் குளிர்பெட்டி மேல் இருக்கும். பையன் ஞாயிறு காலையில் எடை போட்டு எங்களுக்குச் செய்தி அனுப்ப வேண்டும். போன முறை தென்காசியில் கல்யாண வீட்டில் இருக்கும்போது வந்த செய்தி: கட்டபொம்மன் நாலு கிலோ அறுநூற்று இருபது, மீனாட்சி மூன்று கிலோ நூறு, இடது கண்ணில் கொஞ்சம் நீர், சாப்பாடு காலி. பந்தியில் உட்கார்ந்திருந்த அத்தைக்குச் சத்தமாகப் படித்துக் காட்டினேன்.